ஜாங்கிரியின் வாலை நான் நிமிர்த்திய கதை

நாய் வாலை நிமிர்த்திக் காட்டிய ஆள் திருச்சி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நிமிர்த்துவதற்கு எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதை மறுபடி வளைப்பதற்குத்தான் ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் தரையில் உட்கார்ந்தேன், மழையில் நனைந்தேன், கடைசியில் மொட்டை மாடியில் நின்று குரைக்கவும் செய்தேன். (ஆமாம், நான்தான். நாய் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.)

எனக்குக் கோபமே வராது என்று ஆபீஸில் ஒரு பெயர் உண்டு. மன்னார்புரத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸில் மேலதிகாரி திட்டினாலும் "சரிங்க சார்" என்பேன், எனக்குக் கீழே வேலை பார்ப்பவர் திட்டினாலும் "சரிங்க சார்" என்பேன். வீட்டிலும் அதே நிலைமைதான். மனைவி கோமதியிடம் கோபப்படும் தைரியம் கல்யாணமான புதிதிலேயே எனக்கு இல்லை. மகள் நித்யாவிடம் கோபப்பட்டால் அவள் பதிலுக்குக் கேள்வி கேட்பாள். ஆக, வீட்டில் எனக்குக் கீழே இருந்த ஒரே ஜீவன் ஜாங்கிரி. இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த கோபம் மொத்தமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் முதுகில் இறங்கியது.

ஜாங்கிரி எங்கள் வீட்டு நாய். துவாக்குடியில் ரூம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்த என் மைத்துனன், பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை எல்லாம் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய், குட்டியை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். சுத்தமான நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். வால் மட்டும் ஸ்வீட் ஸ்டால் மாஸ்டர் கையால் பிழிந்து விட்ட மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும். பெயர் வைக்க யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் என் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே அது கேட்டுக்கு வந்துவிடும். அந்த வீட்டில் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற ஒரே ஆள் அதுதான்.

இனி வடாம்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூன்று மாடிக் குடியிருப்பில் இருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் கோமதிக்கு ஜவ்வரிசி வடாம் ஜுரம் வந்துவிடும். விடியற்காலையில் எழுந்து அண்டா நிறையக் கூழ் கிளறி, பழைய எட்டு முழ வேட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மொட்டை மாடியில் விரித்து, கரண்டி கரண்டியாக வட்டம் வட்டமாக ஊற்றுவாள். காக்காய் வராமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்பாள். கறுப்பைப் பார்த்தால் காக்காய்க்குப் பயம். அது என்னுடைய ஆபீஸ் குடை. வளைந்த மரப்பிடி போட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காவல் வேலை எனக்கு வந்தது.

"ஏங்க, பதினோரு மணி வரைக்கும் பாத்துக்கங்க. செருப்பு போட்டுக்கிட்டு வடாம்கிட்ட போகாதீங்க. குடையை எடுத்துறாதீங்க" என்று கோமதி மூன்று கட்டளைகள் போட்டாள்.

"ஒரு வடாமைப் பாத்துக்கத் தெரியாதா எனக்கு?" என்றேன். (இந்த மாதிரி வசனங்கள் பேசும்போது யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.)

செருப்பை மாடிக் கதவருகே கழற்றி வைத்தேன். தண்ணீர் டேங்க் நிழலில் நாற்காலி போட்டேன். ஜாங்கிரியும் பக்கத்தில் வந்து படுத்தது. பத்து மணிக்கு நிழல் நகர்ந்து போனது. வெயில் என் வழுக்கையில் நேராக இறங்கியது. எதிரே குடை விரிந்து கிடந்தது. அதன் நிழலில் யாருமே இல்லை. எனக்கு அநியாயமாகப் பட்டது. வடாமுக்கு வெயில் வேண்டும், எனக்கு நிழல் வேண்டும், இரண்டு பேர் தேவையும் தீரட்டுமே என்று குடையை எடுத்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். காவிரிப் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது. ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன்.

ஜாங்கிரியின் குரைப்பில்தான் விழித்தேன். நான்கைந்து காக்காய்கள் அலறிக்கொண்டு பறந்தன. வேட்டியின் நடுவே ஜாங்கிரி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னங்காலில் ஒரு வடாம் ஒட்டியிருந்தது. முகத்தில் ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த களை. வால் வேகமாக ஆடியது.

எனக்குக் காக்காய் தெரியவில்லை. நான் தூங்கியதும் ஞாபகம் வரவில்லை. கோமதியின் முகம் மட்டும்தான் தெரிந்தது. குடையை மடக்கிக்கொண்டு, "சனியனே! இறங்குடா!" என்று கத்தியபடி பாய்ந்தேன்.

சித்திரை மாதத்துத் திருச்சி மொட்டை மாடியில் காலை பத்தரை மணிக்கு வெறுங்காலில் ஓடியவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். நாலடி வைத்ததும் உள்ளங்கால் பொரிந்தது. குளிர்ச்சியாக இருந்த ஒரே இடம் அந்த ஈர வேட்டி. கால் தானாக அங்கே போனது. நாய் இந்த ஓரம் ஓட, நான் அந்த ஓரம் குதிக்க, தரை சுட, திரும்ப வேட்டிக்கு வர, இப்படி நாலைந்து முறை போய் வந்தேன். கடைசியில் கைப்பிடிச் சுவர் மூலையில் அதைப் பிடித்துவிட்டேன். குடையை ஓங்கி முதுகில் ஒரு அடி வைத்தேன்.

ஒரே அடிதான். அது கத்திய கத்தலை இப்போதும் என்னால் விளையாட்டாக எழுத முடியவில்லை. திரும்பிக் கடிக்கவில்லை, உறுமவில்லை. உடம்பைக் குறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. அண்ணாந்து என்னைப் பார்த்தது. என் கண் முன்னாலேயே அந்த இரண்டு சுற்று வால் அவிழ்ந்து, நேராகி, கால்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்டது. பிறகு படியிறங்கி ஓடிவிட்டது. செய்த மறுநொடியே செய்திருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் சத்தம் கேட்டுக் கோமதியும் நித்யாவும் மேலே வந்துவிட்டார்களே!

"நாய் வந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிடுச்சு" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான்.

கோமதி வேட்டியைப் பார்த்தாள். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"ஆமா, நாய்தான். பார்த்தாலே தெரியுது" என்றாள்.

அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நித்யா மட்டும் குனிந்து வேட்டியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அன்றிலிருந்து என் வாழ்க்கை மாறியது. ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் ஜாங்கிரி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விடும். நான் ஹாலுக்கு வந்தால் அது சமையலறைக்குப் போகும். நான் சமையலறைக்குப் போனால் அது நித்யாவின் கட்டிலுக்கு அடியில் போகும். (வாடகைக்கு வந்தவன்போல நான் வீட்டில் உலவிக்கொண்டிருந்தேன்.) பிஸ்கட் நீட்டினேன், வரவில்லை. கீழே வைத்தேன், நான் அறையை விட்டுப் போன பிறகு வந்து தின்றது. "ஜாங்கிரி, வாடா, வாடா" என்று குழைந்தேன். அது இன்னும் உள்ளே ஒடுங்கியது.

"சாப்பாடும் சரியா எடுக்கல. தென்னூர் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றாள் கோமதி.

என்னோடு வண்டியில் அது வராது. அதனால் நித்யாவும் ஜாங்கிரியும் ஆட்டோவில் முன்னே போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். காவிரிப் பாலம் முழுக்க அது ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. இவன் ஏன் இங்கேயும் வருகிறான் என்கிற பார்வை.

டாக்டரம்மா காது, பல், வயிறு, முதுகு எல்லாம் பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஜாங்கிரி மேஜையின் அந்தக் கோடியில் போய் நித்யாவின் சுடிதாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்ன சார் நடந்துச்சு?"

"அது வந்து டாக்டர், வடாம்…"

"வடாம் சாப்பிட்டுச்சா?"

"இல்ல டாக்டர், காக்கா…"

"அப்பா குடையால அடிச்சிட்டாரு" என்று நித்யா முடித்துவைத்தாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். முழுக் கதையையும் கேட்டார். எனக்கு வசதியான இடங்களில் நான் கதையைச் சுருக்க, நித்யா நீட்டினாள்.

"சார், நாயைக் கண்டிக்கிறது தப்பில்ல. தப்பு பண்ற நேரத்துல 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை, அழுத்தமா, அவ்வளவுதான். சொன்னதைக் கேட்டா உடனே பாராட்டணும். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? அது காக்காவ விரட்டிட்டு, நீங்க பாராட்டுவீங்கன்னு வாலாட்டிக்கிட்டு நின்னிருக்கு."

அந்த ஆடிய வால் ஞாபகம் வந்தது.

"இப்ப என்ன பண்றது டாக்டர்?"

"கூப்பிடாதீங்க. துரத்தாதீங்க. கண்ணைப் பார்க்காதீங்க. தினமும் ஒரே நேரத்துல தரையில உக்காருங்க, அதுக்கு முதுகு காட்டி. பக்கத்துல ஏதாவது தின்னக் கொடுக்கிறதை வைங்க. அதுவா வரட்டும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறரை முதல் ஏழு வரை நான் ஹால் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தட்டில் இட்லித் துண்டுகள். நாற்பத்தெட்டு வயதில் சம்மணம் போட்டு உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். நித்யா மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய வாலின் படத்தை வரைந்து வைத்தாள். முதல் வாரம் முழுக்க நேர்கோடு. எட்டாம் நாள் கோட்டின் நுனியில் ஒரு சின்ன வளைவு. அந்த வளைவைப் பார்த்த அன்று நான் ஆபீஸில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

ஒருநாள் கீழ் வீட்டு மாமி, கோயில் பிரசாதம் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "தப்புதான்டா, ரொம்பத் தப்பு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி கோமதி, ஒங்காத்துக்காரருக்கு உடம்பு ஏதாவது…?"

"ஒண்ணுமில்ல மாமி. நாய்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டிருக்காரு."

மாமி கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்தார். "பெருமாள்கிட்ட அபசாரம் பண்ணினா, க்ஷமிச்சுடுங்கோன்னு எடுத்துச் சொல்றதுக்குன்னே தாயார் இருக்கா. இதுகிட்ட சிபாரிசுக்கு யார் இருக்கா, பாவம்!" என்று சொல்லிவிட்டுப் புளியோதரைத் தொன்னையைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புளியோதரையில் கொஞ்சம் தட்டில் வைத்தேன். பின்னால் நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. மூச்சு என் முழங்கையில் பட்டது. தட்டு காலியானது. நான் திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (புளியோதரைக் காரம் என்று கோமதியிடம் சொன்னேன். நான் அதைத் தொடவேயில்லை.)

மூன்று வாரத்தில் காலண்டரில் அரைவட்டம் வந்தது. மேஜைக்கு அடியில் ஒளிவது நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஒரு கோடை மழை. ஆபீஸிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு போய், வாசலில் அதை மடக்கித் தண்ணீரை உதறினேன். உள்ளே ஒரு சின்னக் கத்தல் கேட்டது. காலண்டரில் மறுபடி நேர்கோடு.

நித்யா பேனாவை மூடிவிட்டு, "அப்பா, குடையா ஜாங்கிரியா, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றாள்.

அன்றே குடையைக் கீழ் வீட்டு மாமிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். சுவரை மீண்டும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மே மாதக் கடைசியில் காலண்டரில் முக்கால் வட்டம் வந்திருந்தபோது, "கத்திரி வெயில் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வடாம் போட்டுடலாம்" என்றாள் கோமதி. "இந்தத் தடவை காவல் ஜாங்கிரிக்கு. நீங்க அதுக்கு உதவியாள்."

பதவி இறக்கம்தான். ஆனாலும் ஏற்றுக்கொண்டேன். குடைக்குப் பதில் கறுப்புத் துணி கட்டினாள். நான் நாற்காலி போடாமல், டேங்க் நிழலில், தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்த தரையில் உட்கார்ந்தேன். ஜாங்கிரி என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளிப் படுத்தது.

பத்தரை மணிக்கு முதல் காக்காய் வந்து வேட்டி ஓரத்தில் உட்கார்ந்தது. ஜாங்கிரி காதை நிமிர்த்தியது. எழுந்தது. ஒரு அடி வைத்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்து முகத்தை முன்னங்காலில் வைத்துக்கொண்டது.

இரண்டாவது காக்காய் வந்தது. அதற்கும் அதே பார்வை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காக்காய் விரட்டினால் அடி விழும் என்பதுதான் நான் அதற்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம். நல்ல மாணவன், ஒரே பாடத்தில் கற்றுக்கொண்டுவிட்டது. என் முன்னாலேயே அந்தக் காக்காய்கள் வடாமைக் கொத்தின. "பிடிடா! போடா!" என்றேன். குரல் உயர்ந்ததும் அது இன்னும் ஒடுங்கியது.

எழுந்தேன். வேறு வழி தெரியவில்லை. வேட்டியைச் சுற்றி ஓடினேன். (மேலே கால் வைக்கவில்லை. தரை சுட்டது, சுடட்டும் என்று விட்டேன்.) "ச்சூ! ச்சூ!" என்றேன். காக்காய்கள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆபீஸ் ஆட்களைப் போலத்தான் அவையும். அதனால் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக, "லொள்!" என்று குரைத்தேன். இன்னொரு முறையும் குரைத்தேன். பக்கத்துக் கட்டடத்து மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கிளிப்பை வாயில் கவ்வியபடி அப்படியே நின்றார்.

ஜாங்கிரி எழுந்து நின்றது. என்னைப் பார்த்தது, காக்காயைப் பார்த்தது, திரும்ப என்னைப் பார்த்தது. நான் முழங்காலைத் தட்டி மூன்றாவது முறை குரைத்தேன். அவ்வளவுதான். என்னைத் தாண்டிக்கொண்டு பாய்ந்தது. வேட்டியின் ஓரமாகச் சீறிக்கொண்டு ஓடி, மாடியின் கடைசிக் காக்காயையும் கிளப்பிவிட்டு, வடாமில் இரண்டை மிதித்துவிட்டு, என் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றது.

"நல்ல பையன்டா! கெட்டிக்காரன்டா!" என்று உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். வந்தது. என் மார்பில் முகத்தை முட்டியது. வால் மெதுவாக எழுந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முதுகின் மேல் போய் உட்கார்ந்தது.

நிமிர்ந்து பார்த்தால் மாடிக் கதவில் கோமதியும் நித்யாவும் நிற்கிறார்கள். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வேறு ஒன்றுக்குத் தைரியம் வந்தது.

"கோமதி, அன்னைக்கு நான் தூங்கிட்டேன். குடையை எடுத்தது நான்தான். வடாமை மிதிச்சதும் நான்தான். அது நாலஞ்சுதான் மிதிச்சது."

"தெரியும்" என்றாள் கோமதி.

"எப்படி?"

நித்யா கீழே ஓடிப்போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். உள்ளே ஒரே ஒரு வடாம், பஞ்சு மேல் வைக்கப்பட்டிருந்தது. நன்றாகக் காய்ந்து, கண்ணாடிபோல. அதன் நடுவில் பளிச்சென்று ஒரு கட்டைவிரல் ரேகை.

"நாய்க்குக் கால் கட்டைவிரல் இவ்வளவு பெருசா இருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

அந்த வடாம் இன்னும் பாட்டிலில்தான் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்குப் பிறகு அது வெளியே வரும். வடாம் பொரிக்கும் நாளில் முதல் வடாம் ஜாங்கிரிக்கு. எனக்கு வைக்கும்போது, "பாத்துச் சாப்பிடுங்க, உங்க விரல் இருக்கப்போகுது" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அன்றிலிருந்து எனக்குக் குடையும் கிடையாது. மன்னார்புரத்தில் மழையில் சொட்டச் சொட்ட நிற்கும்போது, "ஏன் சார், குடை எடுத்துட்டு வரலையா?" என்று கேட்பார்கள். "வீட்டுல நாய் இருக்கு" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை; கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறார்கள்.

சாயங்காலம் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினால் ஜாங்கிரி பழையபடி கேட்டுக்கு வந்துவிடுகிறது. ஒன்றுதான் புதிது. முதலில் என் வலது கையை மோந்து பார்க்கும், அடுத்து இடது கையை. இரண்டும் காலி என்று தெரிந்த பிறகுதான் வால் சுருளும்.

போன வாரம் கோமதியிடம் கேட்டேன். "அதுக்கு இன்னும் என்மேல முழுசா நம்பிக்கை வரலையோ?"

"நம்பிக்கை இல்லாமலா கேட் வரைக்கும் வருது?" என்றாள் அவள். "ஒரு தடவை செக் பண்ணிட்டு நம்புது. நானும் அப்படித்தான்."